கயரும் கைப்பும் கறையும்

வாழைப்பொத்தியை அரிந்து வெறுந்தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அரிந்த விளிம்பு கறுக்கும், கத்தியிலும் விரலிலும் கறை பிடிக்கும். நாலு தண்ணீர் மாற்றி, இறுக்கிப் பிழிந்து, "கயர் போட்டுது" என்று திருப்திப்படுவது யாழ்ப்பாணத்து அடுப்படி வழக்கம். போனது கயர் மட்டுமல்ல. நாக்கு கயர், துவர்ப்பு என்று சொல்வதில் பெரும்பகுதி, இரசாயனம் படித்தவர்கள் பொலிபீனோல் என்று சொல்லும் பொருட்கள்தான். கத்தி பட்டவுடன் கலங்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த பொலிபீனோலும் ஒரு நொதியமும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்ள, கறுப்பு வருகிறது. ஒட்சியேற்ற எதிரி என்று போத்தல்களில் அச்சடித்து விற்கும் அதே வகைப் பொருள், வாய்க்குள் போவதற்கு முன்பே வெட்டுப்பலகையில் ஒட்சியேறி முடிந்துவிட்டது.

அதற்குச் செய்யக்கூடியது எளிது. ஒரு கப் புளித்த மோருக்கு இரண்டு கப் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. அரிய அரிய நேரே அதற்குள் விழவேண்டும். எல்லாவற்றையும் அரிந்து குவித்துவிட்டுப் பிறகு போடுவதில் பலனில்லை. புளிப்பு அந்த நொதியத்தின் கையைக் கட்டிப்போடும். கால் மணித்தியாலத்துக்கு மேல் ஊறவிடாமல் ஒருமுறை மென்மையாகப் பிழிந்து நன்றாகச் சூடேறிய சட்டியில் போட்டால், சூட்டில் நொதியமே செத்துப்போகும், பிறகு கறுக்காது. ஒவ்வொரு பூவிலும் நடுவில் நிற்கும் தடித்த நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் மட்டும் முதலிலேயே எடுத்துவிடவேண்டும். அவை எவ்வளவு வெந்தாலும் மெல்லுப்படாது. வறை இறக்கும்போது நாக்கில் இலேசாகக் கயர் நின்றால் அது பிழையல்ல.

நாங்கள் சமையலில் ஓயாமல் துரத்துகிற மூன்று கயர், கைப்பு, கறை. நாவல்பழத்தின் கறை, பாகற்காயின் கைப்பு, நெல்லிக்காயின் கயர், சிவப்பரிசியின் தவிடு, சின்ன வெங்காயத்தின் வெளித்தோல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. பெரும்பாலும் நன்மை கிடப்பது அங்கேதான். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. விடவே கூடாத கைப்புகளும், கட்டாயம் தூக்கி எறியவேண்டிய கைப்புகளும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒட்சியேற்ற எதிரி என்ற சொல்லுக்கு ஒரு எல்லை போட்டுவிடவேண்டும். உணவுகளைச் சோதனைக் குழாயில் அளந்து புள்ளி போட்டுப் பட்டியலிட்ட காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் தன் இணையத்தளத்தில் வைத்திருந்த அப்படியான பட்டியலை 2012இல் நீக்கிவிட்டது. குழாயில் கிடைக்கும் எண் உடம்பில் நடப்பதைச் சொல்லாது, வியாபாரிகள்தான் அந்த எண்ணை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பது காரணம். இன்னும் கசப்பான பாடம் பின்லாந்தில் வந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வில், ஒட்சியேற்ற எதிரிகளில் ஒன்றான பீற்றா கரோட்டினைக் குளுசையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 வீதம் கூடியது. 1994இல் முடிவு வெளிவந்தது. முருங்கை இலையிலும் பப்பாசியிலும் பனம்பழத்திலும் இருப்பதும் பீற்றா கரோட்டின்தான். இலையாகவும் பழமாகவும் சாப்பிட்டு யாருக்கும் அந்தத் தீங்கு வந்ததில்லை. ஆகவே இங்கே பேசுவது சட்டிக்கு வரும் இலையைப் பற்றி, குளுசையைப் பற்றியல்ல.

சட்டிக்கு முதல், இலை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். கிளுவை வேலிக்கு இடையில் நிற்கும் முருங்கை, கிணத்தடி வல்லாரை, மழைக்குப் பின் வேலியில் படரும் முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை, குறிஞ்சா, முடக்கொத்தான்: இவற்றுக்கு ஒருவரும் மருந்தடிப்பதில்லை. சந்தைக் கீரைக்கு அடிக்கிறார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடத்திலோ "பிள்ளை, இண்டைக்கு விடியப் புடுங்கினது" என்று கையில் தரும்போது கேட்கவேண்டிய கேள்வி எப்போது பிடுங்கியது என்பதல்ல, எப்போது மருந்தடித்தது என்பதுதான். ஒரு பூச்சி அரித்த ஓட்டைகூட இல்லாமல் மினுங்கும் கீரைக்கட்டைவிட அங்கங்கே ஓட்டை விழுந்த கட்டு மேல். தெருவோர வாய்க்காலில் செழித்து நிற்கும் வல்லாரையை எடுக்கவே கூடாது. ஈரநிலத்தில் ஓடிப் படரும் அந்தச் செடி, கழிவுநீரின் கிருமியையும் மண்ணிலுள்ள பாரமான உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும்.

கழுவும் முறையிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. உப்புத் தண்ணீர் பூச்சியையும் புழுவையும் கழன்றுவரச் செய்யும், கிருமியைக் கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் இலையானால் வேரையும் அடித்தண்டையும் முதலில் வெட்டி எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரத்தில் இலை மிதக்கத் தண்ணீர் விட்டு அலசி, மண் அடியில் தங்கியபின் இலையைத் தூக்கி எடுக்கவேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடியும் இலைமேல்தான் விழும். இப்படி மூன்று தண்ணீர், கடைசியாகக் கொதித்தாறிய தண்ணீர். முழு இலையாகக் கழுவித்தான் அரிய வேண்டும். அரிந்த பிறகு கழுவினால் விற்றமின் சியும் சாறும் தண்ணீரோடு போய்விடும். கர்ப்பிணிகளும் சிறுபிள்ளைகளும் சந்தை வல்லாரையைப் பச்சையாகச் சாப்பிடாமல் கஞ்சியில் போட்டுக் குடிப்பது நல்லது.

முருங்கை இலை வறைக்கு வருவோம். சுலபம் என்று எல்லாரும் நினைக்கிற, பாதி வீடுகளில் பிழைத்துப்போகிற வறை இது. நாலு பேருக்கு உருவிய இலை இரண்டு பெரிய பிடி, நிறையில் ஏறக்குறைய 100 கிராம். ஈர்க்குகளை மினக்கெட்டுப் பொறுக்கவேண்டும். கைப்பதும் பல்லில் சிக்குவதும் அவைதான். காலையில் முறித்த கொப்பை வெயிலில் போட்டுவைத்தால் மத்தியானத்துக்குள் இலை வாடிப்போகும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் தாங்கும். கழுவிய இலையைச் சுளகில் பரப்பி ஈரம் வற்றவிடுவது முக்கியம். ஈர இலை சட்டியில் அவியுமே தவிர வறையாகாது, கட்டிபட்டுக் களியாகும்.

சட்டி நன்றாகச் சூடேறியபின் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, ஐந்தாறு சின்ன வெங்காயம், இரண்டு செத்தல் மிளகாய். வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, உப்பைத் தூவி, அடுப்பைக் கூட்டி வைத்துக்கொண்டு நாலைந்து நிமிடம் பிரட்டவேண்டும். மூடக்கூடாது. மூடினால் இலையிலிருந்து ஆவியாக எழும்பும் அமிலம் வெளியேற வழியின்றி மூடியில் பட்டுத் திரும்ப விழும். பச்சை போய் இலை பழுப்பாகும். அந்தப் பழுப்பைத் தடுக்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறம் நிற்கும், உண்மைதான். ஆனால் விற்றமின் சியையும் பி1ஐயும் காரம் தின்றுவிடும். இறக்கும்போது மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. பீற்றா கரோட்டின் கொழுப்பில்தான் கரையும் என்பதால் தேங்காய்ப்பூவும் எண்ணெயும் இல்லாத இலையில் அதன் பெரும்பங்கு உடம்பில் சேராமலே வெளியேறும். எண்ணெய் வேண்டாமென்று அவித்துத் தின்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். நண்டுக் கறியை இறக்கும் தறுவாயில் ஒரு பிடி முருங்கை இலை போடும் வழக்கம் வாசத்துக்காகத்தான் வந்தது. இருந்தாலும் இந்தக் கணக்கில் அது சரியான இடத்தில், சரியான நேரத்தில் விழுகிறது.

இறக்கியபின், கைபொறுக்கும் சூட்டில் பாதித் தேசிக்காய். இலையில் இருக்கும் இரும்பு இறைச்சியில் இருப்பதுபோல இலகுவில் உறிஞ்சப்படும் இரும்பல்ல; விற்றமின் சி கூட வந்தால்தான் அதற்கு வழி திறக்கும். அடுப்பில் இருக்கும்போதே புளி விட்டால் விற்றமின் சியும் வீண், சம்பலோ சொதியோ வறையோ எதுவானாலும் கைப்பும் வரும். சாப்பிட்டுக் கை காயுமுன் தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் அந்த இரும்பைத் திரும்ப அடைத்துவிடுகிறது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் போதும். இரத்தம் குறைவென்று கிளினிக்கில் சொல்லப்பட்ட பெண்கள் கிழமைக்கு நாலு நாள் முருங்கை இலை தின்றும் கூடவில்லை என்று குறைப்படுவதில், இந்தத் தேத்தண்ணிக்கும் ஒரு பங்கு இருக்கும்.

வல்லாரைச் சம்பலுக்கு நேரம்தான் எதிரி. ஒரு கட்டு இலை, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, ஐந்து சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், பாதித் தேசிக்காய். கூரான கத்தியால் ஒரே தரத்தில் மெல்லியதாக அரியவேண்டும். மொட்டைக் கத்தியால் நசித்து நசித்து அரிந்தால் வாழைப்பொத்திக்கு நடந்த அதே கறுப்பு இங்கேயும் நடக்கும். உப்பைக் கடைசியில் போடவேண்டும், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டிய கறி இது. மத்தியானம் மிஞ்சியதைப் பிறிட்ஜில் வைத்து இரவு தின்பதில் நார் மட்டும்தான் மிச்சம். ஞாபகசக்திக்கென்று பிள்ளைகளுக்குப் பரீட்சைக் காலத்தில் சாறு பிழிந்து கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கம். கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சம்பலாகக் கொடுப்பதில் தடையில்லை. வல்லாரையைச் செறிவாக்கிக் குளுசையாகக் கிழமைக் கணக்கில் எடுத்து ஈரல் பழுதான நோயாளிகளை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிறம் என்ன சொல்கிறது என்பதைக் காண ஒரு செவ்வரத்தம்பூப் போதும். ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூ ஐந்தை எடுத்து, பச்சைக் காம்பையும் நடுத்தண்டையும் நீக்கி, இதழ்களை ஒரு கண்ணாடிக் கிளாசில் போட்டு, கொதித்து ஒரு நிமிடம் ஆறிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றவேண்டும். இதழ் முதலில் ஊதாவாகும், பிறகு வெளிறும். ஐந்து நிமிடத்தில் அது நனைந்த கடதாசிபோலக் கிடக்கும். நிறமெல்லாம் தண்ணீரில். ஆனால் தண்ணீர் சிவப்பல்ல, மழைக்கால வானம்போல மங்கலான நீலமும் ஊதாவும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, கொதிக்கக் கொதிக்கக் கேத்தலில் வெள்ளைப் படை படிவது அதனால்தான். பூவின் நிறப்பொருளான அந்தோசயனின் காரத்தில் நீலம் காட்டும், நிலைத்தும் நிற்காது. இப்போது ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி. கிளாசின் அடியிலிருந்து குங்குமச் சிவப்பு எழும்பி வரும். சிவப்பாகிய பின்தான் குடிக்கவேண்டும், உடனே குடிக்கவேண்டும். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று ஆய்வுகளில் வந்தது இந்தப் பூவல்ல, ரொசெல் என்ற, பூவின் புறவிதழ் புளிக்கும் அதன் உறவுச்செடி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் அதிகம்.

சிவப்பரிசியின் நிறமும் தவிட்டில்தான் இருக்கிறது. மொட்டைக்கறுப்பனோ வேறெதுவோ, தீட்டத் தீட்டப் போவது அதுதான். தவிட்டோடு வைத்த பச்சையரிசி கெதியாய்க் காறும் என்பதால் ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் குற்றுவித்து வைப்பது நல்லது. சின்ன வெங்காயத்தில் குவர்செற்றின் என்ற பொலிபீனோல் அதிகம் இருப்பது வெளி அடுக்குகளில். காய்ந்த சருகை மட்டும் நீக்கினால் போதும். அவசரத்தில் இரண்டு அடுக்கையும் சேர்த்து உரித்தெறிகிறோம்.

மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். மஞ்சள் தூளில், அதற்கு நிறம் கொடுக்கும் குர்குமின் ஏறக்குறைய 3 வீதம். கறிக்குப் போடும் கால் தேக்கரண்டியில் 20 மில்லிகிராம் இருக்கும். 1998இல் இந்தியாவில் நடந்த, எல்லாரும் மேற்கோள் காட்டும் சோதனையில் கொடுத்தது 2,000 மில்லிகிராம் குர்குமின். அதனுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு கூடியது. அதாவது சோதனையில் கொடுத்த அளவு எங்கள் கறியில் இருப்பதைப்போல நூறு மடங்கு. மஞ்சள் போட்ட சொதி மூட்டுவலியை மாற்றும் என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் கொடுக்காது. சரக்குக் கறியில் மஞ்சளும் மிளகும் நல்லெண்ணெயும் ஒன்றாக வருவது நல்ல சேர்க்கை என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மிளகு குர்குமினை மட்டும் உள்ளே விடுவதில்லை, சில இங்கிலிஷ் மருந்துகளையும் கூடுதலாக உள்ளே விடும். மிளகு சேர்த்த குர்குமின் குளுசை வாங்குகிறவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

2019 இறுதியில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2020இல் கிலோ பல ஆயிரம் ரூபாவுக்குப் போனபோது தூளில் அரிசிமாவும் கோதுமைமாவும் கலந்து விற்றார்கள். அயடீன் விட்டு நீலம் வந்தால் கலப்படம் என்று அப்போது பரவிய சோதனை பிழையானது. சுத்தமான மஞ்சளும் ஒரு கிழங்குதான், அதில் மாப்பொருள் நிறைய இருக்கிறது, அதுவும் நீலமாகும். முழுக் கிழங்காக வாங்கி, முறித்து உள்நிறம் பார்த்து, காயவைத்து மில்லில் கொடுத்து அரைப்பதைவிட நம்பகமான வழி இல்லை. உள்ளிக்கு ஒரு சின்ன விஷயம்: தட்டியவுடன் எண்ணெயில் போடாமல் பத்து நிமிடம் விட்டுப் போட்டால், உள்ளியின் காரத்துக்கும் வாசத்துக்கும் காரணமான அலிசின் உருவாக நேரம் கிடைக்கும்.

இலைக்கஞ்சியைப் பலர் பாழாக்குவது ஒரே இடத்தில்தான்: இலையை அரிசியோடு சேர்த்தே அவிப்பதில். அரைக் கப் சிவப்புப் பச்சையரிசியை ஆறு கப் தண்ணீரில் குழைய அவிக்கவேண்டும். முல்லை, முசுட்டை, முடக்கொத்தான், வல்லாரை, கறிவேப்பிலை என்று கிடைத்ததில் இரண்டு பிடியைக் கொஞ்சத் தண்ணீர் விட்டு அரைத்து வடித்துச் சாறெடுக்கவேண்டும். தூதுவளை சேர்த்தால் இலையின் அடிப்புற நரம்பிலுள்ள முள்ளை முதலில் சுரண்டவேண்டும். அரைத்தாலும் முள் தொண்டையில் தெரியும். கஞ்சி குழைந்தபின் ஒரு கப் தேங்காய்ப்பால், அது நுரைகட்டியதும் இலைச்சாறு, ஒரே ஒரு கொதி, இறக்கம். தட்டிய உள்ளியும் மிளகும் பாலுக்கு முன்பே போயிருக்கவேண்டும். தேசிக்காய்ப் புளி கோப்பையில் ஊற்றியபின். சட்டியில் விட்டால் பால் திரையும், மிச்சக் கஞ்சியும் பழுப்பாகும். குடிக்கும்போது பனங்கட்டி ஒரு கடி.

இனிக் கைப்பு. பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழியும்போது போவது அதன் மருந்துக்குணத்தில் ஒரு பங்கு. கைப்பைத் தாங்கமுடியாவிட்டால் பிழிவதைவிட மெல்லிய வளையமாக அரிந்து தேங்காய்ப்பால் விட்டுச் சமைப்பது மேல். கொழுப்பு கைப்பை நாக்கிலிருந்து மறைத்துவிடும். குறிஞ்சாவில் இரண்டு இருக்கின்றன. வறைக்கு எடுக்கும் அகன்ற இலை பெருங்குறிஞ்சா. சலரோகத்துக்குப் பேசப்படுவது சிறுகுறிஞ்சா. அடையாளம் காண நாக்கே போதும்: சிறுகுறிஞ்சா இலை இரண்டை ஒரு நிமிடம் மென்று துப்பிவிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டால் இனிப்பே இராது, கடற்கரை மணலை மெல்லுவதுபோல நறநறக்கும். உப்பு உப்பாகவே தெரியும், புளி புளியாகவே தெரியும், இனிப்பு மட்டும் அரை மணித்தியாலத்துக்கு மேல் மாயமாகிவிடும். ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்பு வாசலை அடைத்துவைப்பதன் விளைவு இது.

"குளுசையை விட்டிட்டு குறிஞ்சா குடிக்கலாமோ?" என்ற கேள்வி எந்த வீட்டிலும் வரும். விடக்கூடாது. குளுசையோடு சேர்த்துத் தினமும் சாறு குடிப்பதும் ஆபத்து: கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் என்ற சலரோகக் குளுசைகளோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி எதிர்பாராமல் இறங்கும். வியர்வை, நடுக்கம், பசி, தலை கிறுகிறுப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். வறையாகக் கிழமைக்கு இரண்டு நாள் வருவதால் இந்தப் பிரச்சினை வருவது அரிது.

எறியவேண்டிய கைப்பு எது? சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் மூன்றும் கைக்கக் கூடாதவை. சமைக்குமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கைத்தால் முழுக் காயையும் குப்பையில் போடவேண்டும். அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. கைத்த சுரைக்காய்ச் சாற்றை மருந்தென்று கண்ணை மூடிக் குடித்து இரத்த வாந்தியும் அழுத்த வீழ்ச்சியும் வந்தவர்கள் இந்தியாவில் பலர், இறந்தவர்களும் உண்டு. ஒடியல் மாவின் கைப்பும் போகவேண்டிய கைப்பு. பனங்கிழங்கில், புழுக்கொடியல் அவித்துக் காய்ந்தது. ஒடியல் பச்சையாகக் காய்ந்தது. கூழுக்கு மாவை மூன்று நாலு மணித்தியாலம் நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்து ஊற்றி, மறுபடி தண்ணீர் விட்டு வடித்து, அடியில் தங்கிய மாவைத்தான் கரைக்கவேண்டும். அவசரத்துக்கு அப்படியே கரைத்த கூழில் கைப்பும் வயிற்றுக் குழப்பமும் சேர்ந்து வரும். பனங்களியின் கைப்பு பிளபெலிபெரின் என்ற பொருளால் வருவது; மரத்துக்கு மரம் வேறுபடும். பனாட்டுக்குக் கைக்காத மரத்துப் பழம் தேடுவது அதற்காகத்தான். அந்தக் களியின் செம்மஞ்சள் நிறம் முழுக்கக் கரோட்டின். நல்ல வெயில் நாளில் மெல்லிய படையாக வார்த்துக் கெதியாய்க் காயவிடவேண்டும், தடித்தால் நடுவில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இலையும் காயும் சாறாகும்போது கணக்கு மாறுகிறது. ஒரு கிளாஸ் சாற்றுக்குள் பத்துப் பேர் வறையாகத் தின்னக்கூடியது அடங்கிவிடும். பிலிம்பிக்காய் ஒன்றிரண்டு மீன்கறிக்குப் புளியாக விழுவதில் குற்றமில்லை. கொலஸ்ட்ரோலுக்கென்று வெறுவயிற்றில் கிளாஸ் கணக்கில் சாறு குடித்தவர்களுக்கு அந்தக் காயிலுள்ள ஒட்சலேற்று என்ற உப்புப் படிந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரளத்திலும் இலங்கையிலும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெட்டினால் நட்சத்திரமாக விழும் தமரத்தங்காய், ஏற்கனவே சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு பழமே நஞ்சாகலாம். முதல் அறிகுறி நிற்காத விக்கல். சிறுநீரக நோயாளி பச்சை இலைச்சாறு எதையும் குடிக்கக்கூடாது, பொற்றாசியம் ஏறும். கீரை சாப்பிட அனுமதி இருந்தால் அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைக்கவேண்டும். மற்றவர்களுக்கு நான் சொன்னதற்கு நேர் எதிர்.

இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர் கீரையை நிறுத்தவேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை அளவு மாறாமல் சாப்பிடவேண்டும். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு மழை பெய்ததும் தினம் இலைக்கஞ்சி குடித்தால், கிளினிக்கில் அளந்து வைத்த மருந்தின் கணக்குக் குழம்பும். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான். கிழமைக்கணக்கில் தினமும் குடித்தால் அழுத்தம் ஏறும், பொற்றாசியம் இறங்கும், பிறசர்காரருக்கு ஆகாது. ஆடாதோடை சளியை இளக்குவது உண்மை. புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்து அதிலுள்ள வசிசினை மூலமாக வைத்து உருவானது. அதே வசிசின் கருப்பையையும் சுருக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சரியான இலைதானா, எத்தனை நாள் என்ற சந்தேகம் வந்தால் கைதடிச் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. பக்கத்து வீட்டு அன்ரியைக் கேட்பதைவிட அது மேல்.

மாரி தொடங்கினால் டெங்கும் தொடங்கும், பப்பாசி இலைச்சாறும் தொடங்கும். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தபோது பப்பாசி மரங்கள் இலையில்லாமல் நின்றன. சாறு இரத்தத் தட்டுக்களைக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் டெங்கில் உயிரெடுப்பது பெரும்பாலும் தட்டுக் குறைவல்ல, இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பாயம் கசிவது. அதற்குச் சாறு ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, காய்ச்சலுக்கு பரசிற்றமோல் மட்டும், வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் உடனே பெரியாஸ்பத்திரி. கைப்புச் சாற்றைக் குடித்து வரும் வாந்தி, நோயின் வாந்தியோடு குழம்பி வைத்தியரையே திசைதிருப்பும்.

மல்லித்தண்ணிக்கு அளவு: இலேசாக வறுத்த மல்லி இரண்டு மேசைக்கரண்டி, தட்டிய வேர்க்கொம்பு சுண்டுவிரல் நுனியளவு, இரண்டு கிளாஸ் தண்ணீர் ஒன்றாக வற்றவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ், மூன்று நாள். கொரோனாக் காலத்தில் வேர்க்கொம்பையும் மிளகையும் அள்ளிப்போட்டு நாளுக்கு நாலு தரம் குடித்துப் பலர் வயிற்றெரிவோடுதான் மிஞ்சினார்கள்.

பங்குனி, சித்திரையில் முருங்கை தழைத்து நிற்கும்போது காயவைத்து வைப்பது நல்ல யோசனை. வெயிலில் அல்ல, வெயில் பட்டால் கரோட்டின் உடையும், இலை வைக்கோல் நிறமாகும். கழுவி, ஈரம் போக உதறி, காற்றோட்டமான விறாந்தையில் வெள்ளைத் துணியில் ஒற்றைப் படையாகப் பரப்பி, ஒரு நாளைக்கு இரண்டு தரம் புரட்டவேண்டும். மூன்று நாலு நாளில் காயும். விரலால் நசித்தால் தூளாகவேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் வரும். ஒரு கிலோ பச்சை இலை 200 அல்லது 250 கிராமுக்கு வந்துவிடும். ஒரு தேக்கரண்டித் தூள் என்பது பத்துக் கிராம் பச்சை இலைதான், அதில் விற்றமின் சி எதிர்பார்க்கக்கூடாது. கரோட்டினும் கல்சியமும் இரும்பும் நிற்கும். கஞ்சியிலோ பருப்பிலோ இறக்கியபின் தூவினால் போதும், கொதிக்கவிட்டால் புல்வாசம் அடிக்கும். நிறக்கண்ணாடிப் போத்தல் இல்லாவிட்டால் சாதாரண ஜாம் போத்தலைக் கடதாசியால் சுற்றி அலுமாரிக்குள் வைக்கலாம். மேலே திகதி எழுதி ஒட்டவேண்டும். ஆறு மாதத்தில் பச்சை மங்கிச் சருகு வாசம் வந்தால் மரத்தடியில் கொட்டிவிட்டு, வேலியில் துளிர்த்திருப்பதை உருவிக்கொள்ளலாம்.